சூசன் காலின்ஸும் துப்பாக்கி ஓட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பெரிய துப்பாக்கிச்சூடு ஒன்று நடந்தால், அடுத்த இரண்டு நாளில் மேய்ன் மாநில செனட்டர் சூசன் காலின்ஸின் பெயர் செய்திகளில் அடிபடும். மிதவாதி, நடுநிலைக்காரர், அவர் மனது வைத்தால் நடக்கும் என்றெல்லாம் சொல்வார்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, எப்போதாவது கொஞ்சம் நடக்கும். அமெரிக்க அரசியல் பற்றித் தமிழில் எழுதுவதால் இதே சந்தேகங்களோடு பலர் என்னிடம் வருகிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

யார் இந்த சூசன் காலின்ஸ்? நூறு பேரில் ஒருவர்தானே, எதற்கு இவ்வளவு பேச்சு?

மேய்ன் என்பது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவை ஒட்டிய மாநிலம். அதன் வடகோடியில் இருக்கும் கேரிபூ என்ற சிற்றூரில் 1952-ல் பிறந்தவர் காலின்ஸ். குடியரசுக் கட்சி. 1996-ல் முதல்முறை செனட்டுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவைக்கு, தேர்வானார். 2002, 2008, 2014, 2020 என்று தொடர்ந்து ஜெயித்திருக்கிறார். 1997-ல் பதவியேற்றதிலிருந்து ஒரு வாக்கெடுப்பையும் தவறவிட்டதில்லை என்பது அவருடைய பெருமை. அதனால் "அன்றைக்கு ஊரில் இல்லை" என்று அவர் எதிலிருந்தும் நழுவ முடியாது. ஒருவருடைய வாக்குப் பதிவேட்டை ஆராய்பவருக்கு இது பெரிய வசதி.

பேச்சுக்குக் காரணம் கணக்குதான். செனட் பல வருடங்களாகக் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதியாகப் பிரிந்து கிடக்கிறது. அதில் கட்சிக் கோட்டைத் தாண்டக்கூடிய நான்கைந்து பேர்தான் தேறுவார்கள். அந்தப் பட்டியலை யார் போட்டாலும் காலின்ஸ் அதில் இருப்பார்.

கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட்டால் பதவி பறிபோகாதா?

போகாது. நம்மூரில் கொறடா உத்தரவை மீறினால் 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் பாயும். அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. 'விப்' என்ற பதவி அங்கேயும் உண்டு. ஆனால் அவர் கெஞ்சலாம், மிரட்டலாம், குழுப் பதவி விஷயத்தில் கொஞ்சம் இழுத்தடிக்கலாம், அவ்வளவுதான்.

உண்மையான பயம் சொந்தக் கட்சி வாக்காளர்களிடம்தான். அடுத்த உட்கட்சித் தேர்தலில் "இவர் துப்பாக்கியைப் பறிக்க ஓட்டுப் போட்டவர்" என்று இன்னொருவர் எதிரே நின்றால் சிக்கல். ஆகவே ஒரு செனட்டர் எந்த அளவுக்கு மிதவாதியாக இருக்க முடியும் என்பதை அவருடைய மாநிலம்தான் தீர்மானிக்கிறது. மேய்ன் அதற்கு இடம் கொடுக்கும் மாநிலம். மார்கரெட் சேஸ் ஸ்மித், வில்லியம் கோஹன், ஒலிம்பியா ஸ்னோ என்று இதே ரகக் குடியரசுக் கட்சிக்காரர்களைத் தொடர்ந்து அனுப்பிய ஊர் அது.

நூறு பேரில் 54 பேர் ஆதரித்த மசோதா எப்படித் தோற்கும்? கணக்கு இடிக்கிறதே?

ஒரு விஷயத்தை விவாதத்திலிருந்து வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக செனட்டில் 60 ஓட்டு வேண்டும். அதற்குக் குறைந்தால் எதிர்ப்பவர்கள் முடிவே இல்லாமல் இழுத்தடிக்கலாம். இதற்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். பழைய நாட்களில் நின்று பேசிப் பேசியே இழுத்தார்கள். இப்போது "எதிர்க்கிறோம்" என்று சொன்னாலே 60 தேவைப்பட்டுவிடுகிறது. நீதிபதிகள், உயர் அதிகாரிகள் நியமனங்களுக்கும் சில பட்ஜெட் மசோதாக்களுக்கும் மட்டும் சாதாரணப் பெரும்பான்மை போதும்.

துப்பாக்கி விவகாரத்தில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான விதி இது. கீழே பல பதில்களில் இந்த 60 திரும்ப வரும்.

துப்பாக்கி வாங்கும்போது சோதனை ஏற்கெனவே இருக்கிறதே. அப்புறம் எதற்கு இத்தனை சண்டை?

இருக்கிறது, ஆனால் பாதிதான். 1993-ன் பிரேடி சட்டப்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் யாருக்கு விற்றாலும் பின்னணிச் சோதனை செய்தாக வேண்டும். 1998 முதல் எஃப்பிஐ நடத்தும் கணினி முறையில் இது நடக்கிறது. பெரும்பாலும் சில நிமிட வேலை. மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம் என்பது அதில் உள்ள ஓட்டை.

பெரிய ஓட்டை வேறு. உரிமம் இல்லாத தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்றால் மத்திய சட்டம் சோதனை கேட்பதில்லை. துப்பாக்கிக் கண்காட்சியில் ஒரு மேஜையில் சோதனை இருக்கும். பக்கத்து மேஜையில் தன் சொந்தத் துப்பாக்கியை விற்பவரிடம் இருக்காது. சில மாநிலங்கள் தங்கள் சட்டத்தால் இதை அடைத்துவிட்டன. பல மாநிலங்கள் அடைக்கவில்லை.

2013-ல் காலின்ஸ் எப்படி ஓட்டுப் போட்டார்? ஆதரித்தார் என்கிறார்கள், எதிர்த்தார் என்கிறார்கள்.

இரண்டும் சரி. 2012 டிசம்பர் 14 அன்று கனெடிகட் மாநிலத்தின் சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு 2013 ஏப்ரல் 17 அன்று செனட் வரிசையாகப் பல திருத்தங்கள் மீது வாக்களித்தது.

முதலாவது, மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்ச்சினும் பென்சில்வேனியாவின் பாட் டூமியும் கொண்டுவந்தது. கண்காட்சிகளிலும் இணையத்திலும் நடக்கும் விற்பனைக்கும் சோதனை கட்டாயம் என்றது. உறவினர், தெரிந்தவர்களுக்குள் நடக்கும் கைமாற்றத்தை விட்டுவிட்டது. அரசு துப்பாக்கிப் பதிவேடு தொடங்குவதையும் வெளிப்படையாகத் தடை செய்தது. காலின்ஸ் ஆதரித்தார். குடியரசுக் கட்சியில் ஆதரித்த நால்வரில் அவர் ஒருவர். டூமி, ஜான் மெக்கெய்ன், மார்க் கிர்க் மற்ற மூவர். முடிவு 54–46, தோல்வி. (ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீட் பின்னால் மறுபடி கொண்டுவரும் உரிமைக்காக வேண்டுமென்றே "இல்லை" போட்டார். உண்மையான ஆதரவு 55.)

அதே நாளில், ராணுவ பாணி அரைத்தானியங்கித் துப்பாக்கிகளுக்கு (விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டு சுடுபவை) தடை கேட்டு டயான் ஃபைன்ஸ்டைன் கொண்டுவந்த திருத்தம் 40–60 என்று விழுந்தது. அதைக் காலின்ஸ் எதிர்த்தார். இன்னொருவருக்காகத் துப்பாக்கி வாங்கிக் கொடுப்பதையும் கடத்தலையும் தனிக் குற்றமாக்கும் திருத்தத்தை பாட்ரிக் லேஹியோடு சேர்ந்து அவரே முன்வைத்தார். அது 58 ஓட்டு வாங்கியும் தோற்றது. 58-க்கே தோல்வி என்றால் அந்த 60 விதியின் பலம் புரியும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அவர் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவா, எதிர்ப்பா?

"துப்பாக்கி யார் கையில் போகிறது?" என்று கேட்கும் சட்டம் என்றால் பெரும்பாலும் ஆதரிப்பார். "எந்தத் துப்பாக்கியை விற்கலாம்?" என்று கேட்கும் சட்டம் என்றால் பெரும்பாலும் எதிர்ப்பார். 2013-க்குப் பிந்தைய அவருடைய ஓட்டுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கோட்டில் அடங்கிவிடும்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2017 அக்டோபரில் லாஸ் வேகாஸ் படுகொலையில் 'பம்ப் ஸ்டாக்' என்ற கருவி பயன்பட்டது. அரைத்தானியங்கியை ஏறக்குறைய இயந்திரத் துப்பாக்கி வேகத்தில் சுட வைக்கும் சாதனம். அதைத் தடை செய்ய மார்ட்டின் ஹைன்ரிக் கொண்டுவந்த மசோதாவில் காலின்ஸ் கூட்டாளி. நிர்வாக உத்தரவால் வந்த தடையை 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6–3 என்று ரத்து செய்தபோது, சில நாளிலேயே அந்த மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றப் பார்த்தார்கள். நெப்ராஸ்கா செனட்டர் பீட் ரிக்கெட்ஸ் ஒருவர் ஆட்சேபிக்க, கதை முடிந்தது.

2004-ல் ராணுவ பாணித் துப்பாக்கித் தடையை ஆதரித்தவர் 2013-ல் எதிர்த்தாரே. இது பல்டி இல்லையா?

கேட்பவர்கள் நினைப்பதைவிட இது கொஞ்சம் சிக்கலானது. ராணுவ பாணித் துப்பாக்கிகளுக்கான தடை 1994-ல் கிளின்டன் காலத்தில் பத்து வருடத் தவணையோடு வந்த சட்டம். அது காலாவதியாகும் முன், 2004 மார்ச் 2 அன்று அதை நீட்டிக்கும் திருத்தம் செனட்டில் 52–47 என்று வென்றது. ஆதரித்த பத்துக் குடியரசுக் கட்சிக்காரர்களில் காலின்ஸ் உண்டு. ஆனால் அந்தத் திருத்தம் ஒட்டப்பட்டது, துப்பாக்கி நிறுவனங்களுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தரும் மசோதாவில். தடை உள்ளே நுழைந்ததும், அந்த மசோதாவுக்காகவே அலைந்த என்ஆர்ஏ (தேசியத் துப்பாக்கிச் சங்கம்) "இதைக் கொன்றுவிடுங்கள்" என்று சொன்னது. 90–8 என்று மசோதாவே செத்தது. செப்டம்பர் 13-ல் தடையும் காலாவதியானது.

2013-ல் வந்தது பழைய சட்டத்தின் நீட்டிப்பு அல்ல. 150-க்கும் மேற்பட்ட மாடல்களைப் பெயர் சொல்லித் தடுத்தது. முன்பு இரண்டு ராணுவ அம்சங்கள் இருந்தால் தடை. இதில் ஒன்று இருந்தாலே தடை. ஆகவே ஒரே விஷயத்தில் இரண்டு முகம் என்று சொல்வது முழுக்க நியாயம் இல்லை. அதே நேரம், இருந்த தடையைக் காக்க நின்றவர், அது போன பிறகு திரும்பக் கொண்டுவர உழைக்கவில்லை என்பதும் பதிவில் தெளிவாகவே இருக்கிறது.

துப்பாக்கி கம்பெனி மேல் கேஸே போட முடியாதாமே? அதற்கும் இவர் ஓட்டுப் போட்டாரா?

ஆமாம். மேலே செத்துப்போனதாகச் சொன்ன மசோதா அடுத்த வருடமே திருத்த ஒட்டு இல்லாமல் திரும்ப வந்தது. 2005 ஜூலையில் 65–31 என்று நிறைவேறியது, காலின்ஸ் ஆதரவு. ஒருவர் குற்றத்துக்குப் பயன்படுத்திய துப்பாக்கிக்காகத் தயாரிப்பாளரையோ கடைக்காரரையோ பொறுப்பாக்க முடியாது என்பது அதன் சாரம்.

முடியவே முடியாது என்பது மிகை. பொருளில் குறைபாடு இருந்தாலோ, விற்பனை தொடர்பான சட்டத்தைத் தெரிந்தே மீறியிருந்தாலோ வழக்கு நிற்கும். சாண்டி ஹுக் குடும்பங்கள் விளம்பரம் தொடர்பான மாநிலச் சட்டத்தின் வழியே அந்த விதிவிலக்குக்குள் நுழைந்தார்கள். 2022 பிப்ரவரியில் ரெமிங்டன் நிறுவனத்தின் காப்பீட்டாளர்களிடமிருந்து 7.3 கோடி டாலர் சமரசத் தொகை கிடைத்தது.

எல்லாம் என்ஆர்ஏ பணம் சார். வாங்குகிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள். இதில் ஆராய என்ன இருக்கிறது?

பணம் ஒரு பகுதிதான். ஓர் அமைப்பின் அரசியல் நிதிக்குழு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு நேரடியாக 5,000 டாலருக்கு மேல் தர முடியாது. தனியாக விளம்பரத்துக்குச் செலவழிப்பதற்கு அந்த வரம்பு இல்லை என்பது உண்மை. ஆனால் என்ஆர்ஏவின் பிடி அது தரும் மதிப்பெண்ணில் இருக்கிறது. பள்ளி ரேங்க் கார்டு மாதிரி ஏ முதல் எஃப் வரை போடுவார்கள். துப்பாக்கி உரிமை ஒன்றுக்காகவே ஓட்டுப் போடும் வாக்காளர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். மறுபக்கத்தில் 'எனக்கு இந்த ஒரு விஷயம்தான்' என்று இருப்பவர்கள் வெகுநாள் வரை குறைவாகவே இருந்தார்கள்.

2013-ல் மான்ச்சின், டூமி திருத்தத்தில் ஓட்டுப் போட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். "இல்லை" சொன்ன ஜனநாயகக் கட்சியின் மார்க் ப்ரையரும் மார்க் பெகிச்சும் 2014-ல் தோற்றார்கள். "ஆம்" சொன்ன கே ஹேகனும் மேரி லாண்ட்ரூவும் அதே வருடம் தோற்றார்கள். "இல்லை" சொன்ன நியூ ஹாம்ப்ஷயரின் கெல்லி ஏயாட் 2016-ல் சுமார் ஆயிரம் ஓட்டில் தோற்றார். டூமி ஜெயித்தார், கிர்க் தோற்றார். மான்ச்சினுக்கு எதிராக என்ஆர்ஏ விளம்பரமே செய்தது. அவர் 2018-ல் துப்பாக்கிப் பிரியர்கள் நிறைந்த மேற்கு வர்ஜீனியாவிலேயே மறுபடி வென்றார். காலின்ஸ் 2014-ல் 68 சதவீதம் வாங்கினார். அந்த ஒரு ஓட்டு யாரையும் தனியாக மூழ்கடிக்கவும் இல்லை, கரை சேர்க்கவும் இல்லை. ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை.

மேய்ன் என்ன அவ்வளவு பெரிய துப்பாக்கி ஊரா? அங்கே குற்றமே குறைவு என்கிறார்களே?

இரண்டும் சரிதான். காடும் குளிரும் உள்ள மாநிலம், மான் வேட்டையும் மூஸ் வேட்டையும் குடும்ப வழக்கம். வன்முறைக் குற்றம் நாட்டிலேயே மிகக் குறைவான இடங்களில் ஒன்று. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை "ஒருபோதும் கேள்விக்கு உள்ளாக்கப்படாது" என்று மாநில அரசியலமைப்பே சொல்கிறது. 2015 முதல் மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிச்சீட்டும் வேண்டாம்.

2016 நவம்பரில் தனியார் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை வேண்டுமா என்று மேய்ன் மக்களிடமே நேரடி வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 52-க்கு 48 என்று மக்கள் நிராகரித்தார்கள். அதே தேர்தலில் மாநிலம் ஹிலரி கிளின்டனுக்குத்தான் அதிக ஓட்டு கொடுத்தது. அதாவது ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, அதே சீட்டில் துப்பாக்கிச் சோதனைக்கு "வேண்டாம்" போட்ட ஆட்கள் கணிசம். மூன்று வருடம் முன் காலின்ஸ் செனட்டில் போட்ட "ஆம்" இந்த வாக்காளர்களைவிடச் சற்று முன்னால் போய் நின்றது. இதை விமர்சகர்கள் சொல்வதில்லை.

விமானத்தில் ஏறத் தடை, ஆனால் துப்பாக்கி வாங்கலாம். இந்தக் கூத்து எப்படி? அதில் இவர் என்ன செய்தார்?

2016 ஜூன் 12 அன்று ஆர்லாண்டோ இரவு விடுதியில் 49 பேர் கொல்லப்பட்டபோது எழுந்த கேள்வி இது. கனெடிகட் செனட்டர் கிறிஸ் மர்ஃபி ஏறக்குறைய 15 மணி நேரம் அவையில் நின்று பேசி வாக்கெடுப்பை வரவழைத்தார். ஜூன் 20-ல் இரு கட்சிகளும் ஆளுக்கு இரண்டாகக் கொண்டுவந்த நான்கும் தோற்றன. முன்பே எதிர்பார்த்த நாடகம்தான்.

அப்போது காலின்ஸ் நடுவில் ஒன்றைக் கொண்டுவந்தார். விமானப் பயணத் தடைப் பட்டியலிலும், கூடுதல் சோதனைப் பட்டியலிலும் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி மறுக்கலாம்; தவறாகச் சேர்க்கப்பட்டவர் நீதிமன்றம் போகலாம். என்ஆர்ஏ எதிர்த்தது. குடிமை உரிமை அமைப்பான ஏசிஎல்யூவும் எதிர்த்தது. ரகசியப் பட்டியலை வைத்து உரிமையைப் பறிக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். 52 பேர் காலின்ஸ் பக்கம் நின்றார்கள், அதில் எட்டுப் பேர் குடியரசுக் கட்சி. 60 இல்லை.

அந்த வாக்கெடுப்பில் 46–52 என்று இருக்கிறதே. தோற்றதா, ஜெயித்ததா? பதிவேட்டைப் படிக்கவே தெரியவில்லை.

அது காலின்ஸின் திருத்தத்தை "ஓரம் கட்டலாமா?" என்ற தீர்மானம் மீதான வாக்கெடுப்பு. 46 பேர் கட்டலாம் என்றார்கள், 52 பேர் கூடாது என்றார்கள். ஆக அங்கே "இல்லை" என்றால் காலின்ஸுக்கு ஆதரவு. திருத்தம் உயிரோடு இருந்தது, அதன் பின் யாரும் தொடவில்லை. கேள்வி என்ன என்று பார்க்காமல் ஆம், இல்லை எண்ணினால் தலைகீழாகப் புரியும்.

எதிர்த் திசையிலும் ஓர் எச்சரிக்கை. 2025 ஜூலை 1 அன்று டிரம்பின் பெரிய வரி மசோதா துணை அதிபரின் ஓட்டோடு 51–50 என்று நிறைவேறியது. சத்தம் அடக்கும் சைலன்சர் கருவிக்கு இருந்த 200 டாலர் வரியைச் சுழியாக்கும் பிரிவு அதற்குள் இருந்தது. காலின்ஸ் "இல்லை" போட்டார். இதைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு ஓட்டு என்று கணக்கில் சேர்த்தால் தவறு. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் வரும் வெட்டும், கிராமப்புற மருத்துவமனைகளுக்கு வரும் பாதிப்பும்தான் அவர் சொன்ன காரணங்கள்.

மனநலம் சரியில்லாதவர்களுக்குத் துப்பாக்கி கொடுக்க ஓட்டுப் போட்டாராமே?

2017 பிப்ரவரி வாக்கெடுப்பைச் சொல்கிறார்கள். மனநலக் குறைபாட்டுக்காக உதவித்தொகை பெற்று, அந்தப் பணத்தையும் இன்னொருவர் மூலம் கையாள்பவர்களின் பெயரைச் சோதனைப் பட்டியலுக்கு அனுப்பும் விதி ஒபாமாவின் கடைசி நாட்களில் வந்தது. வருடத்துக்குச் சுமார் 75,000 பேர் என்று மதிப்பீடு. அதை செனட் 57–43 என்று ரத்து செய்தது. காலின்ஸ் ரத்துக்கு ஆதரவு. மேய்னின் இன்னொரு செனட்டர், சுயேச்சையான ஆங்கஸ் கிங்கும் ஆதரவு.

நீதிமன்ற விசாரணை இல்லாமல் பெயர் போகிறது என்று ஏசிஎல்யூவும் மாற்றுத்திறனாளி அமைப்புகளும் அந்த விதியை எதிர்த்தன. கேள்வியில் இருக்கும் வாக்கியம் மேடைப் பேச்சுக்குப் பொருந்தும், விவரத்துக்குப் பொருந்தாது.

2022-ல் மட்டும் எப்படிச் சட்டம் வந்தது?

மே 14-ல் பஃபலோவில் 10 பேர், மே 24-ல் டெக்சஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பத்து நாள் இடைவெளி. டெக்சஸின் ஜான் கார்னினும் மேலே சொன்ன மர்ஃபியும் பேச்சை நடத்தினார்கள். தாம் டில்லிஸ், கிர்ஸ்டன் சினமா கூட இருந்தார்கள். கட்சிக்குப் பத்தாக இருபது பேர் கொண்ட குழுவில் காலின்ஸ் இருந்தார். 65–33 என்று நிறைவேறியது, குடியரசுக் கட்சியிலிருந்து 15 பேர். ஜூன் 25-ல் பைடன் கையெழுத்திட்டார்.

21 வயதுக்குக் குறைந்தவர் வாங்கினால் பத்து வேலை நாள் வரை விரிவான சோதனை. திருமணமாகாத துணையை அடித்துத் தண்டனை பெற்றவருக்கும் துப்பாக்கித் தடை. மாநிலங்களின் நெருக்கடித் தலையீட்டுத் திட்டங்களுக்கு (ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியை எடுப்பது போன்றவை) 75 கோடி டாலர். அப்புறம், 2013-ல் 58 ஓட்டு வாங்கித் தோற்ற கடத்தல் திருத்தம் நினைவிருக்கிறதா? ஒன்பது வருடம் கழித்து இதற்குள் சட்டமானது. காலின்ஸின் கைரேகை நேரடியாக இருக்கும் இடம் அது. தனிநபர் விற்பனை ஓட்டையை இந்தச் சட்டமும் முழுதாக அடைக்கவில்லை. யாரெல்லாம் வியாபாரி என்ற வரையறையை மட்டும் விரித்தது.

சொந்த மாநிலத்திலேயே 18 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் மாறவில்லையா?

2023 அக்டோபர் 25, லூயிஸ்டன் நகரம். ஒரு பவுலிங் கூடத்திலும் ஒரு மதுக்கூடத்திலும் 18 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் அந்தத் தொகுதியின் பிரதிநிதிகள் சபை (கீழவை) உறுப்பினர் ஜாரட் கோல்டன், ராணுவ பாணித் துப்பாக்கித் தடையை இதுவரை எதிர்த்தது தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். காலின்ஸ் அந்த அளவுக்குப் போகவில்லை. மிக அதிகத் தோட்டா கொள்ளும் மேகசின்களைத் தடுப்பது கூடுதல் பயன் தரும் என்கிற மாதிரிப் பேசினார். 2013-ல் தடையை எதிர்த்த கிங், துப்பாக்கியின் தோற்றத்தை விட்டுவிட்டு அது இயங்கும் முறையை வைத்து ஒழுங்குபடுத்தும் புதிய மசோதாவை ஹைன்ரிக்கோடு சேர்ந்து கொண்டுவந்தார்.

சுட்டவர் ராணுவ ரிசர்வ் படை வீரர். அந்தக் கோடையில் மனநல மருத்துவமனையில் இருந்தவர், சக வீரர்கள் எச்சரித்திருந்தார்கள். மேய்னில் 2019-ல் இயற்றிய 'யெல்லோ ஃபிளாக்' சட்டம் உண்டு: போலீஸ் காவலில் எடுத்து, மருத்துவர் மதிப்பிட்டு, நீதிபதி ஒப்பினால் துப்பாக்கியை எடுக்கலாம். அதைப் பயன்படுத்தப் போதிய காரணம் உள்ளூர் ஷெரிஃப் அலுவலகத்துக்கு இருந்தது என்று மாநில விசாரணைக் குழு பின்னர் சொன்னது. ராணுவத்தின் தவறுகளையும் பட்டியலிட்டது. காலின்ஸ் பிடித்துக்கொண்டது இந்த நூலைத்தான். ராணுவ விசாரணை கேட்டார். ஆபத்தான வீரர் விஷயத்தில் ராணுவம் மாநிலச் சட்டத்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று கிங்கோடு மசோதா கொண்டுவந்தார். முன்பு சொன்ன "யார் கையில்" என்ற கோடுதான் மறுபடியும்.

நீதிபதி நியமனங்களைச் சேர்த்தால் கணக்கு மாறாதா?

மாறும், நிறையவே. 2018 அக்டோபரில் பிரெட் கவனாவை உச்ச நீதிமன்றத்துக்கு 50–48 என்று அனுப்பியதில் காலின்ஸின் ஓட்டு முடிவு செய்த ஓட்டு. நாடு முழுக்கப் பேசியது பாலியல் புகாரையும் கருக்கலைப்பையும்தான். துப்பாக்கியைக் கவனித்தவர்கள் குறைவு. ஆனால் கவனாவின் நிலைப்பாடு ஒளிவுமறைவாக இல்லை. 2011-ல் வாஷிங்டன் நகரத்தின் துப்பாக்கித் தடை வழக்கில், அந்தத் தடை செல்லாது என்று மாறுபட்ட தீர்ப்பே எழுதியிருந்தார்.

2022 ஜூன் 23 அன்று செனட் மேலே சொன்ன துப்பாக்கிச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே நாளில் உச்ச நீதிமன்றம், 1913 முதல் இருந்த நியூயார்க்கின் ஆயுத அனுமதிச் சட்டத்தை 6–3 என்று தள்ளியது. துப்பாக்கிச் சட்டம் எதுவானாலும் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்ற புது அளவுகோலையும் வைத்தது. பெரும்பான்மையில் கவனா உண்டு, காலின்ஸ் ஆதரித்த கோர்சச்சும் அலிட்டோவும் உண்டு. எதிர்த்த மூவரில் சோட்டோமேயரையும் கேகனையும் ஆதரித்ததும் காலின்ஸ்தான். தகுதி இருந்தால் எந்த அதிபர் அனுப்பினாலும் ஆதரிப்பேன் என்பது அவர் சொல்லும் கொள்கை. 2020-ல் ஏமி பாரட்டை மட்டும் தேர்தலுக்கு மிக அருகில் என்று சொல்லி எதிர்த்தார். என் கருத்தில், துப்பாக்கிச் சட்டத்தில் அவருடைய மிகக் கனமான ஓட்டு 2018-ல் போட்டது. "துப்பாக்கி" என்ற தலைப்பில் எந்தப் பட்டியலிலும் அது இருக்காது.

அவ்வளவு அக்கறை என்றால் அந்த 60 விதியைத் தூக்கிவிட வேண்டியதுதானே?

அதைக் காக்க முன்னால் நின்றவரே அவர்தான். 2017 ஏப்ரலில், சட்டங்களுக்கான ஃபிலிபஸ்டரைத் தொடாதீர்கள் என்று கிறிஸ் கூன்ஸோடு சேர்ந்து ஒரு கடிதம் தயாரித்தார். 61 செனட்டர்கள் கையெழுத்திட்டார்கள். டிரம்ப் அதிபராக, குடியரசுக் கட்சியே அவையை வைத்திருந்த நேரம் அது. சொந்தக் கட்சியின் கையைத்தான் அவர் கட்டினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். நாடு முழுக்க ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் இந்த விதி இருந்ததால்தான் நின்றது. விதி இரு பக்கமும் வெட்டும்.

அவர் ஆதரித்த 2013 திருத்தத்தையும் அவரே எழுதிய 2016 திருத்தத்தையும் விழுங்கியதும் இதே விதி. இதில் முரண்பாடு இருக்கிறது என்று நினைப்பவர்களோடு நான் ஒத்துப்போகிறேன்.

பதிவேட்டில் இல்லாதது எதுவும் முக்கியமா?

மிகவும். 2019-லும் 2021-லும் பிரதிநிதிகள் சபை எல்லா விற்பனைக்கும் சோதனை கேட்கும் மசோதாவை நிறைவேற்றியது. செனட்டில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. வராத மசோதாவில் யாருக்கும் கறை இல்லை, பெயரும் இல்லை. எதை வாக்கெடுப்புக்கு விடுவது என்பது பெரும்பான்மைக் கட்சித் தலைவர் கையில் இருக்கிறது.

துப்பாக்கிச் சட்டங்களை அமல்படுத்தும் ஏடிஎஃப் அமைப்பின் தலைவர் நியமனத்தையும் பாருங்கள். 2021-ல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அமைப்பில் வேலை பார்த்த டேவிட் சிப்மனை பைடன் அனுப்பினார். காலின்ஸ் எதிர்ப்பு, கிங்கும் தயங்கினார், பெயர் திரும்பப் பெறப்பட்டது, வாக்கெடுப்பே இல்லை. 2022-ல் ஸ்டீவ் டெட்டல்பாக் வந்தார். 48–46. ஆதரித்த இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்கள் ராப் போர்ட்மனும் காலின்ஸும்.

2025-ல் மேய்ன் மக்களே 'ரெட் ஃபிளாக்' சட்டத்துக்கு ஓட்டுப் போட்டார்களே. இனி அவர் நிலை மாறுமா?

2025 நவம்பர் 4 வாக்கெடுப்பில் அது தெளிவான வித்தியாசத்தில் வென்றது. இனி குடும்பத்தினரே நேராக நீதிமன்றம் போய், ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியை எடுக்கக் கேட்கலாம். யெல்லோ ஃபிளாக்கில் இருந்த கட்டாய மருத்துவ மதிப்பீடு தேவையில்லை. ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜேனட் மில்ஸே இதை எதிர்த்தார் என்பதைக் கவனியுங்கள். மேய்னில் இந்த விஷயம் கட்சிக் கோட்டில் ஓடுவதில்லை. 2016-ல் சோதனை வேண்டாம் என்ற அதே மாநிலம் ஒன்பது வருடத்தில் இங்கே வந்து நிற்கிறது, நடுவில் லூயிஸ்டன்.

இது "யார் கையில்" வகைச் சட்டம். ஆகவே மாநிலங்கள் இதைச் செய்ய மத்திய நிதி தருவதில் அவருக்குச் சிரமம் இராது. 2022 சட்டத்திலேயே அது இருக்கிறது. நாடு முழுக்க ஒரே ரெட் ஃபிளாக் சட்டம், ராணுவ பாணித் துப்பாக்கித் தடை ஆகிய இரண்டிலும் பெரிய மாற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை. 2026 நவம்பரில் அவருடைய இடத்துக்குத் தேர்தல். பிரசாரத்தில் 2013, 2018, 2022 மூன்றும் வரும். எந்த வருடத்தை யார் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள்.